மேசைக்கடியில் ஒன்பது நாட்கள்

வந்த அன்று மேசைக்கடியில் புகுந்து சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுத்த அந்தத் தெருநாய், நாங்கள் விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. நள்ளிரவில், சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து தண்ணீரை நக்கிக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. காலில் அடிபட்டுத் தெருவோரம் கிடந்தவளை மீட்டுச் சிகிச்சை அளித்தவர்கள், நிரந்தரமாக வளர்ப்பவர் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். வேளைக்கு உணவும், நனையாத இடமும், படுக்க மெத்தையும் கிடைத்த பிறகும் இவள் ஏன் நடுங்குகிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

விளங்கியபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. தெருநாய்க்குத் தூரம்தான் காவல். பிடிக்காத ஆளோ வேற்று நாயோ வந்தால் அது நாலடி தள்ளிப் போய்விடும். அப்படித் தள்ளிப் போகத் தெரிந்ததால்தான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தும் நாம் முதலில் பறித்துக்கொள்வது அந்த நாலடியைத்தான்.

அது தெரியாமல், கையில் உணவை வைத்துக்கொண்டு, குனிந்து, கொஞ்சும் குரலில் அழைத்துக்கொண்டிருந்தேன். பசி முன்னே இழுக்க, பயம் பின்னே இழுக்க, பின்னங்கால்களை நகர்த்தாமல் கழுத்தை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். உணவு தீர்ந்த கணத்தில்தான், எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. திடுக்கிட்டுப் பின்வாங்கி, மேசைக்காலில் தலையை இடித்துக்கொண்டாள். பயந்த நாய் கடித்துவிடக்கூடிய கணமும் அதுதான். மறுநாளிலிருந்து, அவளுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, உணவை அவளுக்குப் பின்புறமாக வீசத் தொடங்கினேன். அதை எடுக்க அவள் என்னைவிட்டு விலகிப் போக வேண்டும். பிறகு திரும்பி வருவதும் வராததும் அவள் விருப்பம். மூன்றாம் நாள் ஒரு முறை வந்தாள். ஐந்தாம் நாள் என் முழங்காலை முகர்ந்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் அவள் முகத்தைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி, உணவில்லாதபோது மூக்கை நக்கும் நாக்கு, தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கும்போது தெரியும் வெள்ளைவிழி ஆகிய எல்லாமே, உறுமலுக்கு வெகு முன்பே அவள் சொல்லும் ‘போதும்’ என்ற சொல். உறுமினால் அதட்டக் கூடாது. அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டால், அடுத்த முறை சொல்லாமலே கடிக்க நேரிடலாம்.

சிறுநீர் கழிக்காமல் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அடக்கிவைத்திருந்ததுதான் என்னைக் கலங்கடித்தது. மண்ணிலேயே பழகியவளுக்கு வழவழப்பான தரை அதற்குரிய இடமாகவே தோன்றவில்லை போலும். அறையை ஒட்டிய பால்கனியில் அகலமான தட்டு நிறைய மண்ணைக் கொட்டி வைத்தேன், அன்றிரவே பயன்படுத்தினாள். அதே தரையில் கால் வழுக்கி அவள் இரண்டு முறை விழுந்த பிறகு, மேசையிலிருந்து பால்கனி வரை பழைய கால்மிதி விரிப்புகளை வரிசையாகப் போட்டோம்.

எங்கள் வீட்டுக் கிழட்டு நாயை அவளிடம் நெருங்கவிடாமல் இரண்டு வாரம் தனியே வைத்திருந்தோம். நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ போன்ற நோய்கள் தொற்றியபின் வெளிப்படப் 14 நாட்கள்வரை ஆகக்கூடும் என்பதால் இதில் சலுகை காட்டவில்லை. கதவின் அடி இடுக்கு வழியாக இருவரும் மூச்சுவிட்டுக்கொண்டார்கள். அறிமுகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. வெளியே நடத்திச் செல்லும்போது கழுத்துப்பட்டையில் ஒன்று, மார்புப்பட்டையில் ஒன்று என இரண்டு கயிறுகள் கட்டினேன். பயந்த நாய் பின்புறமாக இழுத்தால் ஒற்றைப் பட்டை தலைவழியே கழன்றுவிடும். அப்படி ஓடிய நாயை, இன்னும் நம்மை நம்பாத நிலையில், கூப்பிட்டு வரவழைக்க முடியாது.

பழகுவதற்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அவசரப்படும் நம்மை அடக்கிவைக்க அது உதவும். நாய்கள் நாட்காட்டி பார்ப்பதில்லை. பத்தாம் நாள் இரவு, நான் படித்துக்கொண்டிருந்தபோது, மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து, அறையின் நடுவில், நான்கு கால்களையும் நீட்டிப் பக்கவாட்டில் படுத்து உறங்கினாள். நான் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

அடுத்த வாரம் அவளை அழைத்துச் செல்ல ஒரு குடும்பம் வருகிறது. மண் தட்டையும், மேசைக்கடியில் விரித்திருந்த போர்வையையும் உடன் அனுப்புகிறேன். போர்வையைத் துவைக்கவில்லை.