நிகழ்நேரச் செயலியில் டேட்டா குறைப்பது: புராஜெக்ட் வைவாவுக்கு நான் படித்த விதம்

என் இறுதியாண்டு புராஜெக்ட், பாம்பன் பக்கம் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை வீட்டில் இருப்பவர்கள் கைப்பேசியில் பார்க்கும் வலைச்செயலி. படகு கரையை விட்டு விலக விலக சிக்னல் மெலிந்துவிடும். அதனால் வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வந்தன: எவ்வளவு டேட்டா போகிறது, அது ஏன் போகிறது?

இதே தலைப்பை எடுத்திருப்பவர்களுக்கு முதலில் சொல்வது: ஜிசிப், ப்ராட்லி என்று சுருக்கும் முறைகளில் தொடங்காதீர்கள், அவற்றைக் கடைசியில் படியுங்கள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு செய்தியும் எத்தனை பைட் என்று எண்ணிப் பழகுங்கள். படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றுவது, தேவையில்லாத லைப்ரரிகளை நீக்குவது எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தச் செலவு பக்கம் திறக்கும்போது ஒருமுறை வருவது. நிகழ்நேரச் செய்தியோ நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும்.

சில நொடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கும் போலிங் முறையில், ஒவ்வொரு கேள்வியோடும் ஹெட்டர் (செய்திக்கு முன்னால் ஒட்டிப்போகும் விவரம்), குக்கி எல்லாம் சேர்ந்து போகும். வெப்சாக்கெட்டில், அதாவது இரு பக்கமும் செய்தி போக ஒரே இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் முறையில், இணைப்பு ஒருமுறை அமைந்துவிட்டால், 125 பைட் வரையுள்ள செய்திக்கு சர்வரிலிருந்து வரும் ஹெட்டர் 2 பைட், பிரவுசரிலிருந்து போவது 6 பைட், அவ்வளவுதான்.

அப்புறம் செய்தியின் வடிவம். படகு எண், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், நேரம் என்று ஜேசானில் (புலப்பெயரும் மதிப்புமாக எழுத்தில் எழுதும் வடிவம்) எழுதினால் சுமார் 90 பைட் ஆகும். அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் புலப்பெயர்கள்தான். அட்சரேகையில் ஐந்தாவது தசம இடம் என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர். படகுக்கு அதற்கு மேல் துல்லியம் எதற்கு? ஒரு லட்சத்தால் பெருக்கி முழு எண்ணாக்கினால் 4 பைட்டில் அடங்கிவிடும். எல்லாம் சேர்த்து, புலப்பெயர் இல்லாமல் எண்களை மட்டும் வைக்கும் பைனரியில் 15 பைட் போதும். இன்னொன்று, எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்; உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘நெத்திலி’ என்று மீன் பெயரை அனுப்பினால் 8 குறியீடு, 24 பைட். செய்தியில் எண்ணை மட்டும் அனுப்பி, பெயரைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய மிச்சம், அனுப்பாமல் இருப்பதில் இருக்கிறது. நங்கூரம் போட்டு நிற்கும் படகு ஒவ்வொரு நொடியும் தன் இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை; குறிப்பிட்ட தூரம் நகர்ந்தால் சொன்னால் போதும். ஆனால் முழுக்க மௌனமாக விட்டுவிடாதீர்கள். படகு நிற்கிறதா, தொடர்பு அறுந்துவிட்டதா என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகச் சீரான இடைவெளியில் ஒரு சின்னத் துடிப்புச் செய்தி கட்டாயம் போக வேண்டும். இங்கே பைட் மிச்சம் பிடிக்க நினைப்பது தவறு என்றே நான் சொல்வேன்.

மாற்றத்தை மட்டும் அனுப்பும் டெல்டா முறையைச் சொன்னால், அடுத்த கேள்வி நிச்சயம்: இணைப்பு அறுந்து திரும்ப வந்தால்? ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுங்கள். மறுபடி இணையும்போது கடைசியாக வந்த எண்ணைச் சொல்லி, விட்டுப்போனதை மட்டும் வாங்கலாம். இடைவெளி பெரிதென்றால் முழு நிலையையும் ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம். தேங்கிய பழைய இடங்களை வரிசையாக அனுப்புவதைவிட, அவற்றை விட்டுவிட்டுப் புதியதை அனுப்புவது நல்லது. பிரவுசரில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை வெப்சாக்கெட்டின் ‘பஃபர்டு அமவுண்ட்’ காட்டும்.

சரி, இப்போது சுருக்கம். ஜிசிப்பின் சொந்த ஹெட்டரும் வாலுமே குறைந்தது 18 பைட். 15 பைட் செய்தியைத் தனியாகச் சுருக்கினால் அது பெரிதாகும். வெப்சாக்கெட்டுக்கென்று 2015இல் வந்த டிஃப்ளேட் என்ற சுருக்கும் நீட்சி, முந்தைய செய்திகளை நினைவில் வைத்துக்கொண்டு சுருக்கக்கூடியது. ஜேசானுக்கு அது நன்றாகவே உதவும். பதிலுக்கு ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வரில் நினைவகம் பிடிக்கும். “ஜேசானையே சுருக்கி அனுப்பினால் போதாதா?” என்று கேட்டால், இரண்டையும் அளந்து எடுத்த எண்களை எதிரில் வையுங்கள். அந்த அளவை பாம்பனை அடுத்த மண்டபம் ஊர்க் கரையில் கைப்பேசியை வைத்து எடுங்கள், கல்லூரி வைஃபையில் வேண்டாம்.