காபித்தூள் லைனுக்கு ஆள் எடுத்த கதை

அப்பா காலத்தில் எங்களுக்கு சேல்ஸ்மேன் தேவைப்படவே இல்லை. சேலம் அம்மாப்பேட்டையில் கடை, முன்னால் அரவை மெஷின். வாசனை தெருமுனை வரைக்கும் போகும், ஆள் தானாக வரும். நான் மளிகைக்கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் பாக்கெட் போட ஆரம்பித்த பிறகுதான் லைனுக்குப் போக, அதாவது ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுத்துப் பணம் வசூலிக்க, ஆள் வேண்டியதாயிற்று. வாழப்பாடி–ஆத்தூர் ஒரு லைன், ராசிபுரம்–நாமக்கல் ஒரு லைன், ஏற்காடு ஒரு லைன். இந்த மூன்றுக்கும் ஆள் எப்படிக் கிடைத்தார்கள் என்று எழுதுகிறேன். சின்ன அளவில் சரக்கு போட்டு விற்கிறவர்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

அப்பாவுக்கு இதில் குழப்பமே இல்லை. "சொந்தத்துல எத்தனை பசங்க சும்மா இருக்கானுங்க, ஒருத்தனைப் போடு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லைன் வேலையில் பாதி பண விவகாரம். சாயங்காலம் வந்ததும் பில் புக்கை வாங்கி, வசூலை எண்ணி, ஐந்நூறு ரூபாய் குறைந்தால் "எங்கே?" என்று கேட்க வேண்டும். சித்தப்பா பையனிடம் அப்படிக் கேட்டால் அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது.

வேலை தேடும் செயலியில் விளம்பரம் போட்டதும் போன் வந்து குவிந்தது. பாதிப் பேருக்கு முதல் கேள்வியே "ஃபீல்டா, ஆபீஸா?" ஃபீல்ட் என்றதும் "யோசிச்சு சொல்றேன்ணா" என்று வைத்துவிடுவார்கள். நாளை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றவர்களின் போன் மறுநாள் ஸ்விட்ச் ஆஃப். கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்கும் போனேன். முதலாளிகளுக்கும் கட்டணம் கிடையாது, வேலை தேடுகிறவர்களுக்கும் கட்டணம் கிடையாது. பேக்கிங்குக்கும் பில்லிங்குக்கும் நல்ல பிள்ளைகள் அங்கே கிடைத்தார்கள். லைனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பையனோடு வந்திருந்த அம்மா, "வெயில்ல சுத்தற வேலைன்னா பொண்ணு யாருங்க குடுப்பாங்க?" என்று என்னிடமே கேட்டார். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி மாற்றிவிடக்கூடிய கவலை இல்லை அது.

வழி கிடைத்தது கடைக்காரர்களிடம்தான். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஆரம்பித்து ஆத்தூர் வரைக்கும், எங்களிடம் ஏற்கெனவே தூள் வாங்குகிற கடைகளில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போனேன்: "எந்தக் கம்பெனி ரெப் வரலைன்னா நீங்களே போன் போட்டுக் கூப்பிடுவீங்க?" நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால் மச்சானையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கை காட்டுவார்கள். இப்படிக் கேட்டால் உண்மை வரும். சிலர் சிரித்தார்கள். "எல்லாம் மாசக் கடைசில வந்து டார்கெட்டுக்கு அழுவறவனுங்க தம்பி, ஒருத்தனையும் கூப்பிட மாட்டேன்." ஆனால் வாழப்பாடி தாண்டியதும் ஒரே பேர் மூன்று நான்கு கடைகளில் வந்தது. பிஸ்கட் ஏஜென்சி ஒன்றின் பையன்.

என்ன விசேஷம் என்று கேட்டேன். ஒரு அண்ணாச்சி சொன்னார்: "சொன்ன கிழமைக்கு வந்துருவான். உடைஞ்ச பாக்கெட்டைக் காட்டுனா மூஞ்சி சுளிக்க மாட்டான், எழுதிக்குவான். அடுத்த பில்லுல கழிச்சுருப்பான்." அவ்வளவுதான். பேச்சுத் திறமை, சிரித்த முகம் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரருக்குப் பெரிய தலைவலி டேமேஜும் ரிட்டர்னும்தான். கடையில் சரக்கை இறக்கும்வரை அண்ணா அண்ணா என்று சுற்றிவந்துவிட்டு, திருப்பி எடுக்கச் சொன்னால் "ஆபீஸ்ல கேக்கணும்" என்று வண்டியைக் கிளப்புகிற ஆட்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பையனை நானாகத் தேடிப் போகவில்லை. லீ பஜாரில் ஒருவர் ஆளை இன்னொருவர் இழுத்தால் மாலைக்குள் ஊருக்கே தெரியும். அண்ணாச்சியிடம் என் நம்பரைக் கொடுத்து, விருப்பமிருந்தால் பேசச் சொன்னேன். அவராகவே கூப்பிட்டார். ஏஜென்சியில் சொல்லிவிட்டு, கணக்கை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது என் நிபந்தனை. பழைய முதலாளியிடமும் நான் அதை மட்டும்தான் கேட்டேன்: "பாக்கி எல்லாம் நேர் பண்ணிக் குடுத்துட்டாரா?" ஆள் எப்படி என்று கேட்டால் விட மனசில்லாதவர் குறை சொல்வார், தொலைந்தால் போதும் என்றிருப்பவர் புகழ்வார். கணக்கு விஷயத்தில் பொய் சொல்வது அரிது. இந்தப் பையனின் ப்ளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினல் அந்த ஏஜென்சியின் பீரோவில் இருந்தது. அதை வாங்கத்தான் அவருக்கு அதிக நாள் பிடித்தது. பண விவகாரம் உள்ள வேலைக்கு ஒரிஜினலை வாங்கி வைக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. நான் வைப்பதில்லை. சர்டிபிகேட்டுக்குப் பயந்து நிற்கிறவன் கடையில் என்ன முகத்தோடு நிற்பான்?

யாரைச் சேர்ப்பதானாலும் முதலில் ஒரு முழு நாள் என்னோடு லைனுக்கு வரச் சொல்வேன். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அன்றைய பேட்டா உண்டு. லைசென்சும் வண்டி இன்சூரன்சும் காலையிலேயே பார்த்துவிடுவேன். கடையில் நான் கவனிப்பது சின்னச் சின்ன விஷயங்கள். கடைக்காரர் கால் கிலோ துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் பேசுகிறாரா, காத்திருக்கிறாரா? காத்திருக்கும் நேரத்தில் போனைப் பார்க்கிறாரா, ரேக்கைப் பார்க்கிறாரா? ரேக்கில் பின்னால் தள்ளிவைத்த பழைய பாக்கெட்டின் தேதி கண்ணில் பட்டதா? காபித்தூள் நாள்பட்டால் கெட்டுப்போகாது, ஆனால் மணம் போய்விடும். வாங்கிப்போன வீட்டம்மா அடுத்த முறை வேறு பாக்கெட்டைக் கேட்பார். ஒருவர் அன்று முழுக்க நன்றாகப் பேசினார், ஆர்டரும் எடுத்தார். ஆனால் எல்லாக் கடையிலும் மற்ற கம்பெனித் தூளை "அத்தனையும் சிக்கரி" என்றார். எங்கள் சரக்கிலும் காபி அறுபது, சிக்கரி நாற்பது சதவீதம் கலந்த பாக்கெட் இருக்கிறது. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலவை விகிதத்தை லேபிளில் போட வேண்டும், இவ்வளவுதான் சட்டம். டீக்கடைக்காரர்களுக்கு டிகாக்ஷன் திக்காக வர வேண்டும், அவர்கள் சிக்கரியைக் கேட்டே வாங்குகிறார்கள். அந்த ஆளை எடுக்கவில்லை.

ராசிபுரம் லைனுக்கு வந்தவர் ஒரு பெண். மகளிர் குழுக் கடன் தவணை வசூலிக்கும் வேலையில் இருந்தவர், ஸ்கூட்டி ஓட்டுவார், விற்பனை அனுபவம் சுத்தமாகக் கிடையாது. அப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் பாக்கி கேட்பதில் அவருக்கு இருந்த பழக்கம் எனக்கே இல்லை. கடைக்காரர் "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்றால், கோபமும் இல்லை கெஞ்சலும் இல்லை, "எந்தக் கிழமைங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதி, அவர் கண் முன்னாலேயே நோட்டை மூடுவார். அந்தக் கிழமை போய் நிற்பார். கழிப்பறை விஷயத்தை மட்டும் சேர்ந்த அன்றே வெளிப்படையாகப் பேசினோம். லைன் போகும் பெண்களிடம் முதலாளிகள் இதைக் கேட்பதே இல்லை. சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்குகளை வைத்துக் கடைகளின் வரிசையை மாற்றினோம், இருட்டுவதற்குள் வீடு சேருகிற மாதிரி.

சம்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் 16,000 ரூபாய், பேட்டா தனி, பெட்ரோல் கிலோமீட்டர் கணக்கு. பத்துப் பேர் ஆனதும் ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பதிந்துவிட்டோம். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும், முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. நாள் முழுக்க டூவீலரில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கார்டு பெரிய விஷயம், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அதைச் சொன்னால் புரிகிறது. இன்சென்டிவ் பில் போட்ட தொகைக்குக் கிடையாது, கைக்கு வந்த பணத்துக்கு மட்டும். அதுவும் பில் போட்டு 21 நாளுக்குள் வந்தால்தான். பில்லுக்கு இன்சென்டிவ் கொடுக்கும் இடங்களில் நடப்பது ஊரறிந்தது: முப்பதாம் தேதி கடைக்காரர் காலைப் பிடித்துப் பத்துக் கிலோ தள்ளுவார்கள், ஐந்தாம் தேதி அதில் எட்டுக் கிலோ திரும்பி வரும். ஆடி மாதத்தில் டார்கெட்டே வைப்பதில்லை. சேலம் முழுக்க மாரியம்மன் பண்டிகை, கடைக்காரரை உட்கார வைத்துப் பேச முடியாது. அந்த மாதம் பழைய பாக்கி வசூலித்தால் போதும்.

ஏற்காடு வேறு கதை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி தினம் கீழிருந்து ஆள் போய் வருவது கட்டுப்படி ஆகாது. சனி, ஞாயிறு டூரிஸ்ட் கூட்டத்தில் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், செவ்வாய் புதன்தான் வியாபாரம் பேசுகிற நாள். அதனால் மேலேயே இருக்கிற ஆளைத் தேடினோம். நாகலூர் பக்கத்துக்காரர் ஒருவர் கிடைத்தார். எஸ்டேட்டில் காபிப் பழம் எடை போட்டு, களத்தில் காயவைத்த அனுபவம். எம்.டி. காக்பர்ன் கலெக்டராக இருந்த 1820களில் காபி வந்த மலை அது. கொட்டையைப் பற்றி அங்கே கடைக்காரருக்கே எல்லாம் தெரியும், கீழிருந்து போன பையன் ஒருவன் 'அராபிகா' என்று விளக்க ஆரம்பித்துக் கேலிக்கு ஆளான கதை உண்டு. நாகலூர்க்காரர் விளக்குவதில்லை. வறுத்த கொட்டை நாலைக் கையில் கொடுத்துவிட்டு நிற்பார். டூரிஸ்டுகளுக்கு வேண்டியது என்னவோ பாக்கெட்டில் ஏற்காடு என்று பெரிய எழுத்து, அது தனி.

ஆத்தூர் லைனில் போன மாதம் ஒரு திருப்பம். பிஸ்கட் ஏஜென்சியிலிருந்து வந்தவர் வந்து உட்கார்ந்து, "அண்ணா, ஆத்தூருக்கு என்னையே சப் டீலராப் போடுங்க, நானே சரக்கு எடுத்து ஓட்டிக்கறேன்" என்றார். மச்சான் பணம் போடுகிறாராம், குடோன்கூடப் பார்த்து வைத்திருக்கிறார். அப்பா "வளர்த்துவிட்டா இப்படித்தான்" என்று முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊர்க் கடைகள் அவரை நம்பித்தான் சரக்கு எடுக்கின்றன. நான் மறுத்தால் அவர் வேறு கம்பெனித் தூளை வைத்து அதே கடைகளில் ஏறுவார். முதல் லோடு ரொக்கத்துக்கு, அதன் பிறகு ஒரு லோடு பாக்கி வரைக்கும் என்று பேசி முடித்தோம். தை பிறந்ததும் ஆரம்பிக்கிறார். அடுத்து எடப்பாடிப் பக்கம் லைன் போட வேண்டும். அங்குள்ள கடைகளில் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு சோப்புக் கம்பெனிக்காரர் பேர் இதுவரை இரண்டு கடையில் வந்திருக்கிறது.