மேலே வராத பலகை

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று அது மிதந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நானும் தம்பியும் நினைத்தோம். இன்னும் என்னென்ன பாக்கி என்பதைப் பந்தயம்தான் காட்டிக்கொடுத்தது.

எங்களுடையது என்டர்பிரைஸ் வகைப் பாய்மரப் படகு. ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்தது. 4 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், இரண்டு பேர், நீலப் பாய். எங்கள் கைக்கு வந்தபோது பல வருடம் தார்ப்பாய்க்குள் கவிழ்ந்து கிடந்த பிளைவுட் கூடு அது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் பல இடங்களில் ஈர ரொட்டி மாதிரி உள்ளே போனது. மக்கியதை வெட்டி எடுத்து, கனத்தைப் போல 8 மடங்கு நீளத்துக்குச் சரிவு சீவி, புதுப் பலகையை எபாக்ஸி என்ற பிசின் வைத்து ஒட்டினோம். ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. தேய்ப்பு வேலையைப் பற்றி எழுதினால் படிப்பவர்களுக்கும் தோள் வலிக்கும், விட்டுவிடுகிறேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் மாலை, கரையில் ஒரு பெரியவர் எங்கள் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடி மாதிரி மின்னிய வார்னிஷை அவர் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே குனிந்து, காலை மாட்டிக்கொண்டு வெளியே சாயும் பட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். தையல் டர்ரென்று பிரிந்தது. வெயில் நூலைத் தின்றிருக்கிறது. "பளபளப்பு கரையில இருக்கிறவங்களுக்கும்மா, பட்டைதான் உங்களுக்கு" என்றார். அன்று இரவே டார்ச் வெளிச்சத்தில் புதுப் பட்டை போட்டோம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் முனைகளில் இருந்த சின்ன வளையங்கள் கழன்றுவிடாமல் டேப் சுற்றினோம். படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கி, அது பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் பலகையான சென்டர்போர்டைத் தொடவில்லை. அது என் கையால் நான்கு பூச்சு எபாக்ஸி வாங்கியது, அதில் என்ன கெட்டுப்போகும் என்ற நினைப்பு.

மொத்தம் 14 படகுகள், பல வகை. அதனால் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் கணக்கு. எடுத்த நேரத்தை 1000ஆல் பெருக்கி, அந்தப் படகு வகைக்கு உரிய எண்ணால் வகுப்பார்கள். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. குறைந்த புள்ளிக்காரர் வெற்றி. முடிக்காமல் திரும்பினால், பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு 1 கூட்டி, எங்கள் கணக்கில் 15.

முதல் முறை ஓட்டுபவர்களுக்குப் பயம் தருவது தொடக்கக் கோடுதான். 5 நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி ஏறும். 4இல் ஆயத்தக் கொடி. 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். பூஜ்யத்தில் வகுப்புக் கொடியும் இறங்கினால் புறப்பாடு. ஹார்ன் கூடவே ஒலிக்கும், ஆனால் கணக்குக்குக் கொடிதான். நான் ஹார்னுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்ததில் ஸ்டாப் வாட்ச் இரண்டு விநாடி பிசகியது. அது ஒன்றும் பெரிதில்லை, ஏனென்றால் யார் மீதாவது மோதிவிடுவோமோ என்ற பயத்தில் நாங்கள் கோட்டுக்கு அரை நிமிடம் பின்னால் நின்றிருந்தோம். எல்லோரும் போன பிறகு, கலங்கிய காற்றில் கிளம்பினோம். முடிவில் 12ஆவது இடம். தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது. ஸ்டார்போர்டு டேக்கில், அதாவது காற்று வலப்பக்கம் வாங்க, கோட்டை ஒட்டியே புறப்பட்டோம். எதிர்ப்பக்கமாக ஒரு புத்தம்புது படகு குறுக்கே வந்தது. விதிப்படி அதுதான் வழிவிட வேண்டும். "ஸ்டார்போர்டு!" என்று கத்தினேன். குரல் கீச்சென்றுதான் வந்தது, ஆனால் அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். எங்கள் கிழட்டுப் படகுக்கு வழிவிட்டார்கள்! அந்த ஒரு கணத்துக்காக இன்னொரு ஒன்றரை வருடம் தேய்க்கச் சொன்னாலும் தேய்ப்பேன்.

முதல் மிதவையைச் சுற்றிக் காற்றின் போக்கில் திரும்பியதும், "பலகையைத் தூக்குடா" என்றேன். காற்றோடு போகும்போது சென்டர்போர்டு தேவையில்லை, தண்ணீரை இழுத்துக்கொண்டு வேகத்தைத்தான் குறைக்கும்.

"வரமாட்டேங்குது அக்கா."

"பலமா இழு."

இழுத்தான். கயிறு கையோடு வந்தது.

பலகை முழுதாக இறங்கியபடியே அடுத்த மிதவை வரை போனோம். அங்கே ஜைப் செய்தபோது, அதாவது காற்று பின்னாலிருக்கப் பாயை மறுபக்கம் மாற்றித் திரும்பியபோது, பாயின் அடிக்கட்டையான பூம் வேகமாக வீசி மறுபக்கம் போனது. படகு பக்கவாட்டில் வழுக்க வேண்டிய இடத்தில் அந்தப் பலகையே கால் தடுக்கிவிட, கவிழ்ந்தோம். வேடிக்கை என்னவென்றால், கவிழ்ந்த படகை நிமிர்த்தவும் அதே பலகையின் மேல்தான் ஏறி நிற்க வேண்டும். ஆடாமல் அசையாமல் நின்றது, படுபாவி. நிமிர்ந்த படகில் தொடை வரை தண்ணீர். வாளியால் இறைத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்று முன்னால். விலகிக்கொண்டோம். 15 புள்ளி.

கரைக்கு வந்தால் கரையேற முடியவில்லை. நீட்டிக்கொண்டிருந்த பலகை ஆழத்திலேயே தரையைத் தட்டியது. இடுப்பளவு தண்ணீரில் படகை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தம்பி சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நான் துடுப்பின் பிடியால் அடியிலிருந்து தட்டினேன். பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு பாதி உள்ளே போய், அங்கேயே இறுகிக்கொண்டது.

"இப்படியே மூணாவதும் ஓடலாம்" என்றான். பாதிப் பலகையோடு காற்றை எதிர்த்துப் போனால் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும் என்று தெரியும். தெரிந்தே போனோம். மேல் மிதவைக்குப் போதுமான தூரம் விலகிப் போய்த் திரும்பினோம் என்றுதான் நினைத்தேன். நகர்ந்து நகர்ந்து அதிலேயே போய் உரசினோம். யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் தொட்டது தொட்டதுதானே, அதற்குத் தண்டனையாக ஓரமாக விலகி, காற்றை எதிர்த்துத் திரும்பும் ஒரு டேக், ஒரு ஜைப் என்று முழு வட்டம் அடித்துவிட்டு மீண்டும் சேர்ந்துகொண்டோம். கடைசியாக முடித்தோம். ஆனால் முடித்தோம். வேறு இரண்டு படகுகள் விலகியிருந்ததால் 12ஆவது இடம்.

மறுநாள் பலகையைக் கழற்றினோம். பழைய நிலையில் அதற்கும் அது உள்ளே ஏறும் உறைக்கும் நடுவே ஒரு பக்கம் ஒரு நூல் இடைவெளி இருந்திருக்கும், ஆசாரிக் கணக்கில். என் நான்கு பூச்சு அதில் பாதியைச் சாப்பிட்டிருந்தது. மீதியைச் சாப்பிட்டது தண்ணீர். அச்சு போல்ட் போகும் துளையின் உள்விளிம்புக்கு எபாக்ஸி தடவ மறந்திருக்கிறேன். துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பிளைவுட் கறுத்து உப்பியிருந்தது. விரலால் தடவினாலே மேடு தெரிந்தது.

இப்போது பலகை கட்டிலுக்கு அடியில் காய்கிறது. துளையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, அதன் நடுவில் புதுத் துளை போட வேண்டும். ஒரு பக்கம் 80ஆம் நம்பர் தாளில் தேய்த்து முடித்தாகிவிட்டது. மறுபக்கம் தம்பியின் முறை. போன் எடுக்கமாட்டேன் என்கிறான்.