அழித்த பொட்டு

கும்பகோணத்தில் நடந்த சித்தப்பா மகளின் திருமணப் படங்களைப் பென்டிரைவில் கொடுத்த புகைப்படக்காரர், அவற்றைத் திருத்தித் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்டபோது, வீட்டிலேயே ஃபோட்டோஷாப் தெரிந்த பிள்ளை இருக்கிறான் என்று சித்தப்பா என்னைக் கைகாட்டிவிட்டார். எனக்கும் அதில் பெருமைதான்.

முதல் சில நாட்கள் வேலை இனிதே நடந்தது. மணமேடைக்குப் பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பெரியவரையும், ஓமகுண்டத்தின் அருகே கிடந்த தண்ணீர்ப் பாட்டிலையும், ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலியையும் இருந்த சுவடு தெரியாமல் நீக்கினேன். குளோன் ஸ்டாம்ப் என்னும் கருவி ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும். 2002-இல் ஃபோட்டோஷாப் 7-உடன் வந்த ஹீலிங் பிரஷ்ஷோ, நகலெடுத்ததைச் சுற்றியுள்ள நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப இசைத்துவிடும் என்பதால், முகத்துக்கு அதுவே பொருத்தம். ஓமப்புகையிலும் வீடியோ விளக்கின் வெக்கையிலும் வாடியிருந்த மணப்பெண்ணின் முகத்தில் பருக்களை அதைக் கொண்டு துடைத்தேன். இடது கன்னத்தில் ஒரு கரும்புள்ளி மட்டும் படத்துக்குப் படம் விடாமல் பின்தொடர்ந்து வந்தது. கண்மை சிந்தியிருக்கும் என்று எண்ணி, 42 படங்களில் அதையும் சலிக்காமல் அழித்து, பழைய கோப்புகளின் மேலேயே சேமித்தும் வைத்தேன்.

படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டியபோது அப்பாயி மூன்றாவது படத்திலேயே எழுந்து அருகில் வந்து பார்த்தார்.

"நான் வச்ச திருஷ்டிப் பொட்டு எங்கடா?"

அதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே, மூன்றாவது முடிச்சுப் போட்ட தன் கை எங்கே என்று மாப்பிள்ளையின் அக்காள் கேட்டார். மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால், ஆளே தெரியாமல் வளையலோடு நீண்டிருந்த ஒரு கையை நான் கூட்டத்தில் யாரோ நீட்டியது என்று கருதி, அந்த இடத்தை மல்லிகைச் சரத்தால் நிரப்பியிருந்தேன். நாத்தனார் முடிச்சையே அழித்தவன் எங்கள் குடும்பத்தில் அநேகமாக நான் ஒருவன்தான். நல்லவேளையாக அந்தப் படத்தை யாரோ திருமணத்தன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததால், அதிலிருந்து கையை வெட்டி எடுத்துப் பொருத்தினேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால், ஆல்பத்தில் அந்தக் கை மட்டும் சற்று மங்கலாக, ஆவியின் கையைப் போலத் தெரிகிறது.

பொட்டின் கதை இன்னும் மோசமானது. என் கண்ணுக்குத் தப்பிய ஒரே படத்தில் மிச்சமிருந்த பொட்டை நகலெடுத்து, முகம் திரும்பிய கோணத்துக்கு ஏற்ப அதைச் சாய்த்தும் சிறிதாக்கியும், 42 படங்களிலும் விடிய விடிய வைத்தேன். பருவை அழிப்பதைவிடப் பொட்டை வைப்பது கடினம் என்பதை அன்றிரவுதான் அறிந்தேன்.

அச்சாகி வந்த ஆல்பத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்த அப்பாயி, கன்னிகாதானப் படத்தில் நின்றார். தூக்கக் கலக்கத்தில் அந்தப் பொட்டை நான் சித்தப்பாவின் கன்னத்தில் வைத்திருந்தேன். திட்டு விழும் என்று நான் காத்திருக்க, அவரோ பக்கத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"இருக்கட்டும். இவ்வளவு செலவு பண்ணியிருக்கான், அவனுக்குந்தான் கண்ணு பட்டிருக்கும்."