சிவப்பு எங்கே இருக்கிறது, காட்டு

முழங்கையில் சொரியாசிஸ் உள்ள ஒருவரைப் பற்றி மூன்றாம் ஆண்டு மாணவி எழுதிய கேஸ் ஷீட் என் மேஜைக்கு வந்தது. 'எரிதிமேட்டஸ் பிளேக், சில்வரி ஸ்கேல்ஸ்' என்று எழுதியிருந்தாள். சிவந்த திட்டு, மேலே வெள்ளிபோலச் செதில் என்று அர்த்தம். எழுத்து அழகு, விவரம் முழுசு. ஆனால் அந்த மனிதரின் முழங்கையில் சிவப்பே இல்லை. நல்ல கறுப்பு நிறம் அவருக்கு. திட்டு கருஊதாவாக இருந்தது, செதில் சாம்பலாக. அவளைக் கட்டிலுக்கு அழைத்துப்போய், "சிவப்பு எங்கேம்மா இருக்கு, காட்டு" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "புத்தகத்துல அப்படித்தான் சார் இருக்கு" என்றாள்.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் வெளுத்த தோல் படங்களைப் பார்த்துத்தான் தோல் நோய் படித்தேன். காலையில் கண்ணாடியில் பார்க்கிற தோல் ஒன்று, பரீட்சைக்குப் படிக்கிற தோல் இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு நாள் இரவுப்பணி. ஒரு பெரியவர் கால் வலிக்கிறது என்று வந்தார். செல்லுலைட்டிஸாக, அதாவது தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்றாக இருக்குமோ என்று சிவப்பைத் தேடினேன். தென்படவில்லை. வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் குளிர்காய்ச்சலோடு, காலெல்லாம் கொப்புளத்தோடு தூக்கிவந்தார்கள். வார்டில் இருந்த மூத்த சிஸ்டர் புறங்கையை ஒரு காலில் வைத்தார், அப்புறம் மறு காலில் வைத்தார். "அன்னைக்குத் தொட்டுப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் பிழைத்தார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இதற்குள் இருக்கிற விஷயம் எளிமையானது. நிறம் உண்டாக்கும் செல்கள் எல்லா மனிதர் தோலிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான். கறுத்த தோலில் அந்தச் செல்கள் தயாரிக்கும் மெலனின் பொட்டலங்கள் பெரியவை, தனித்தனியாகப் பரவிக் கிடப்பவை, சீக்கிரம் சிதையாதவை. அழற்சியில் ரத்தம் பெருகுவது அதற்குக் கீழே உள்ள அடுக்கில். கறுப்புப் படம் ஒட்டிய கார் கண்ணாடிக்கு உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே எப்படித் தெரியும், அப்படி. ஊதா, காப்பிக்கொட்டை, சாம்பல் என்று ஏதோ ஒன்றாகத் தெரியும். சில சமயம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு, அவ்வளவுதான்.

அந்த மாணவியின் கேஸ் ஷீட்டைப் பார்த்ததற்கு அப்புறம் எல்லாருக்கும் ஒரு விதி வைத்தேன். வார்டில் முதல் வாரம் யாரும் எரிதிமா என்ற சொல்லை எழுதக் கூடாது. கண்ணில் படுகிற நிறத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் வாயே திறக்க மாட்டார்கள். மறுநாளிலிருந்து தாய்மொழியில் வரும். நாவற்பழம், செம்பு, ஈரச் சிமெண்ட் என்பார்கள். லைக்கன் பிளானஸ் என்ற, அரிப்போடு தட்டையான தடிப்பு வரும் தோல் நோய் உள்ள ஒரு அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு ஒரு பையன் "கத்தரிப்பூ கலர் சார், ஆனா வாடின பூ" என்றான். எந்தப் பாடப்புத்தகத்திலும் இத்தனை துல்லியத்தை நான் பார்த்ததில்லை.

நிறம் பிடிபட்டதும் கையும் வெளிச்சமும். டியூப் லைட்டுக்குக் கீழே தோல் பார்ப்பதில் பயனில்லை, ஜன்னலோரம் கூட்டிவர வேண்டும். திடீர்த் தடிப்புக்கு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு தடிப்பும் தன் நிழலைக் காட்டும், நிறமே தேவைப்படாது. குழந்தைகளின் எக்ஸிமா இந்தத் தோலில் சிவந்த திட்டாக வராமல் மயிர்க்கால்தோறும் பொரிப்பொரியாகப் புல்லரித்த மாதிரி வருவது சகஜம். அதைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும். சோகையைக் கீழ் இமைக்குள் பார். நீலம் பாரிப்பதை நாக்கில் பார். மஞ்சள் காமாலைக்குக் கண் வெள்ளை சரிதான், ஆனால் கறுத்தவர்கள் பலருக்கு வெயில் படும் இடத்தில் கண் இயல்பாகவே பழுப்பேறி இருக்கும். மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையை இழுத்து, மறைந்திருக்கும் வெள்ளையைப் பார்க்க வேண்டும். மூளைக்காய்ச்சல் சந்தேகம் என்றால் ரத்தப் புள்ளிகளை உள்ளங்கை, உள்ளங்கால், மேலண்ணத்தில் தேடு.

கறுத்த தோல் எல்லாவற்றையும் ஒளித்துவைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வெளுப்பை இதுபோலக் காட்டிக்கொடுக்கும் தோல் வேறில்லை. தவிடுபோல மெல்லிய செதிலோடு இருந்தால் தேமல், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் வெண்புள்ளி, மங்கலான திட்டில் பஞ்சால் தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோய். இங்கே என் மாணவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

'ஃபிட்ஸ்பேட்ரிக் எத்தனையாம் வகை' என்று பரீட்சையில் கேட்பார்கள். 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் அந்தத் தோல்வகை அளவுகோலைப் போட்டது, ஒளி சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று பார்க்க. வெயிலில் எரியுமா, கறுக்குமா என்பதுதான் அதன் கேள்வி. அதுவும் முதலில் வெள்ளைத் தோலுக்குள்ளேயேதான். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஐந்தாம், ஆறாம் வகைகளைப் பிறகுதான் சேர்த்தார்கள். உலகத்து மாநிறம், கறுப்பு அத்தனைக்கும் இரண்டே அறைகள்! 2020-இல் லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், இதெல்லாம் கறுத்த தோலில் எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு, ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு கையேடே போட்டுவிட்டார். எங்கள் காலத்தில் அப்படிக் கேட்டிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லி கதையை மட்டும் எந்த பேட்சுக்கும் விடாமல் சொல்கிறேன். 1977-இல் அவர் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டது மெலனோமா. 1981-இல், 36 வயதில் இறந்தார். கறுத்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் அபூர்வம். வந்தால் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுதான் அதிகம். கதை முடிந்ததும் யாராவது ஒரு மாணவன் தன் சாக்ஸைக் கழற்றிப் பார்ப்பான்.

இத்தனை சொல்லிக்கொடுத்தும் நோயாளி கேட்பது வேறு. "அரிப்பு போயிடுச்சு டாக்டர், இந்தக் கறுப்பு எப்ப போகும்?" மாணவர்கள் முதலில் "அது நோய் இல்லம்மா, தழும்பு" என்று முடித்துவிடுவார்கள். இதில் எனக்குக் கோபம் வரும். அந்த அம்மா ஆறு மாதமாக முழுக்கை போட்டுக்கொண்டு திரிவது அந்தக் கறுப்புக்காகத்தான். மறைய மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கு மேலும் ஆகும் என்று உட்கார்ந்து சொல்லுங்கள், இல்லையென்றால் கடையில் யாரோ தரும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் கிரீமைத்தான் பூசுவார்கள் என்பேன்.

கத்தரிப்பூ பையன் பரீட்சையிலும் அதே வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைச் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு என்னிடம் நீட்டினார். கட்டிலுக்குப் போனோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "வயலெட்னு எழுதியிருக்கலாமே?" என்றார். மறுபடி பார்த்தார். "வயலெட் இல்லதான்" என்றார்.