வங்கக்கடல் சூடேறுவதற்கு வெயில் பாதிக் காரணம்தான்

மேல்நீரின் வெப்பநிலையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வெயிலைப் பார்க்கிறார்கள். வந்த வெப்பத்தை எத்தனை மீட்டர் நீர் பங்குபோட்டுக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வங்கக்கடலில் பல மாதங்களில் முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

ஒரு கன மீட்டர் கடல்நீரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 41 லட்சம் ஜூல் வேண்டும். வரவு செலவு போகச் சதுர மீட்டருக்கு 100 வாட் மிஞ்சினால், ஒரு நாளில் சேர்வது 86.4 லட்சம் ஜூல். காற்று கலக்கி வைத்திருக்கும் மேலடுக்கு 50 மீட்டர் என்றால் நாளுக்கு 0.04 டிகிரி ஏறும். 20 மீட்டர் என்றால் 0.1 டிகிரி. மாதக் கணக்கில் இது 1.3 டிகிரிக்கும் 3 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம். மெல்லிய அடுக்கில் வெயிலின் ஒரு பங்கு ஊடுருவிக் கீழே போய்விடும். அதைக் கழிக்காவிட்டால் விடை கூடுதலாகத்தான் வரும்.

செலவில் பெரியது ஆவியாதல். நாளுக்கு 3.5 மில்லிமீட்டர் நீர் ஆவியானாலே அந்த 100 வாட் போய்விடும். வாடைக்காற்று வறண்டது என்பதால், வேகம் மிதமாக இருந்தாலும் நிறைய வெப்பத்தைக் கொண்டுபோகும்.

கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகளின் நீரும் மழைநீரும் வடக்கு வங்கக்கடலின் மேல் மெல்லிய அடுக்காகப் பரவுகின்றன. அதன் அடியில் அதே சூட்டில், உப்பு மிகுந்த நீர். அந்த உப்பு நீர் அடுக்கைத்தான் தடுப்பு அடுக்கு என்பார்கள். காற்று எவ்வளவு கலக்கினாலும் குளிர்ந்த நீர் எளிதில் மேலே வராது. அதனால்தான் மழைக்காலத்துக்குப் பிந்தைய புயல்கள் அங்கே கடலை அதிகம் ஆற்றுவதில்லை. குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ்: மேல்நீர் ஆறியும், உப்புக் குறைவாக இருப்பதால் மூழ்காமல் மிதக்கும், அடியில் வெதுவெதுப்பான நீர் தங்கிவிடும். அப்போது கலக்கினால் மேல்நீர் சூடாகும்! சோமாலியக் கரையில் இதற்கு நேரெதிர்: தென்மேற்குப் பருவக்காற்று ஆழத்து நீரை மேலே இழுப்பதால், ஜூலையில்கூடச் சில இடங்களில் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும்.

கணக்கு பிழைப்பது பெரும்பாலும் அடுக்கின் ஆழத்தை அளக்கும்போதுதான். வெப்பநிலை 0.2 டிகிரி குறையும் இடத்தை எல்லையாக வைத்தால், தடுப்பு அடுக்கையும் சேர்த்து எண்ணிவிடுவோம். உப்பையும் எடுத்து, அடர்த்தி கன மீட்டருக்கு 0.03 கிலோ கூடும் இடத்தைப் பாருங்கள். வெப்பநிலையை அளப்பதிலும் கவனம் வேண்டும். செயற்கைக்கோளின் அகச்சிவப்பு அளவி பார்ப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய மேல்தோலை. கடலில் மூழ்கி எழுந்து தானாக அளக்கும் ஆர்கோ மிதவைகள் பலவற்றின் முதல் அளவு ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்தில். காற்றில்லாத மதியத்தில் இரண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபடலாம். ஒப்பிட விடியலுக்கு முந்தைய அளவுகளையே எடுங்கள்.