எவ்வளவு மட்டும் கேட்பீர்கள்?

ஏலத்துக்கு வந்த வீட்டின் சொந்தக்கார அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

"தம்பி, எவ்வளவு மட்டும் கேப்பியள்?"

"எனக்குத் தெரியேல்லையக்கா."

தெரிந்திருந்தது. கட்சிக்காரர் தன் சார்பில் ஏலம் கேட்க எனக்குத் தந்த அதிகாரப் பத்திரம், அந்த அற்றோணித் தத்துவத்தின் பிரதி, சட்டைப்பைக்குள் இருந்தது. அதன் பின்பக்கத்தில் அவருடைய எல்லையைப் பென்சிலால் எழுதியே வைத்திருந்தேன்: 180 இலட்சம்.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் மூன்று பரப்பு வளவும் கல்வீடும். காணிப் பதிவகத்தில் இருந்து ஏடு பார்த்தவன் நான்தான். அக்காவுக்கு எழுதின சீதனம், பங்காளிகள் இல்லை, ஈட்டில் அவருடைய கையொப்பமும் கணவரின் சம்மதமும் சரி. கனடாவில் இருக்கிற எங்கள் கட்சிக்காரருக்கு "துணிந்து வேண்டலாம்" என்று சொன்னதும் நான்தான். கணவரின் மரக்காலைக்கு அக்கா தன் பெயரில் எடுத்த கடன், 2022இல் வட்டி ஏறின ஏற்றத்தில் தவணை நின்றுபோனது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே ஏலம் போடலாம். பணிப்பாளர் சபைத் தீர்மானம், வர்த்தமானி அறிவித்தல், பிறகு அந்த வளவுக்குள்ளேயே ஏலம்.

ஊரவர் ஒருவரும் வரவில்லை. அழுகிற வீட்டை வேண்டக்கூடாது என்று ஒதுங்கி நிற்பதை நல்ல மனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கடனும் செலவும் போக மிஞ்சுகிற காசு கடன் பட்டவருக்குத்தான் திரும்பிப் போகும். கேட்க ஆளில்லாவிட்டால் நட்டப்படுவது அந்த வீடு. அக்காவுக்கு அது நன்றாக விளங்கியிருந்தது. விறாந்தையில் எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்து அவர் கேட்டதன் பொருள், தனக்கு ஏதாவது மிஞ்சுமோ என்பதுதான்.

கடன் வட்டியோடு 115 இலட்சம். என்னோடு போட்டிக்கு நின்றவர் 121இல் நிறுத்திக்கொண்டார். 122க்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். அங்கேயே 10 வீதம், ஏல விற்பனையாளருக்கு 2.5 வீதம், பிரதேச சபைக்கு 1 வீதம், மிச்சம் 30 நாளுக்குள். அக்கா வீட்டை விட்டு எழும்பாமல் இருந்திருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை கேட்டிருப்போம். தேவை வரவில்லை. அக்கா முற்றம் கூட்டிவிட்டுத் திறப்பைத் தந்தார்.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒருவருடைய காசைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய எல்லையை எதிர்ப்பக்கத்துக்குச் சொன்னால் அது துரோகம். எனக்கு அதில் ஒரு சதம்கூடக் கூடவில்லை, என் கூலி முன்னமே பேசினது. ஆனாலும் மறைப்பது வேறு, தெரியேல்லை என்பது வேறு. "சொல்லேலாதக்கா" என்றிருக்கலாம். இதைப் பல இரவு யோசித்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் தொகை பெரிதென்று அவருக்கு விளங்கியிருக்கும், உறவில் ஒருவரை நிறுத்தி விலையை ஏற்றியிருப்பார். ஆகவே அதையும் சொல்லியிருக்க முடியாது. அப்போ பொய்தான் வழியா? அப்படியென்றால், அந்தக் கதிரையில் நான் இருந்திருக்கவே கூடாது. தேத்தண்ணியைக் குடித்திருக்கக் கூடாது.

அடுத்த வருடம், 2024இல், வங்கிகளின் அந்த அதிகாரத்தை அரசு கொஞ்சக் காலம் நிறுத்திவைத்தது. செய்தியை வாசித்தபோது முதலில் அந்தப் படலைதான் நினைவுக்கு வந்தது. ஏலம் சில மாதம் பிந்தியிருந்தால் அக்காவுக்கு மூச்சு விட நேரம் கிடைத்திருக்கும், தானே ஆள் பார்த்து நல்ல விலைக்கு விற்றிருப்பார். வட்டி இன்னும் ஏறி மிச்சமே இல்லாமலும் போயிருக்கலாம்.

இந்தத் தொழிலை நான் விடவில்லை. போன கிழமை திருநெல்வேலியில் ஒரு வீடு. வழக்கமாக முதல்நாள் போய், கிணற்றுத் தண்ணியை வாயில் விட்டுப் பார்த்து, வீட்டுக்காரரோடு கதைத்துவிட்டு வருவேன். இந்தமுறை மதிலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரவு கட்சிக்காரர் தொலைபேசியில் கேட்டார், தண்ணி நல்லதோ, உவரோ என்று.

"தெரியேல்லை" என்றேன்.